ஏற்காடு ஏறும் காருக்கு டயர்: இணையத்தில் வாங்கலாமா, சேலத்துக் கடையிலேயே வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் கோரிமேட்டில் வசிப்பவர். வேலை நிமித்தமாக வாரத்தில் சில நாட்கள் ஏற்காடு போய் வருகிறார். 2019-இல் வாங்கிய சிறிய கார். வண்டியோடு வந்த டயர்கள்தான் இன்றும் ஓடுகின்றன. முன் டயர்கள் இரண்டிலும் வெளி ஓரம் வழுவழுப்பாகிவிட்டது, நடுவில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு, இன்னும் இருக்கிறது என்கிறார். இணையத்தில் அதே நிறுவனத்தின் அதே டயர் ஒன்றுக்கு 600 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதாம். அங்கேயே வாங்கி உள்ளூரில் மாட்டிக்கொள்ளலாமா? நான்கையும் மாற்ற வேண்டுமா, முன் இரண்டு போதுமா? ஒருமுறைகூடத் தரையில் இறங்காத ஸ்டெப்னியை நான்கில் ஒன்றாகப் போட்டு, மூன்று மட்டும் வாங்கலாமா?

டயர் கடையில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இன்று எந்தக் கடையிலும் எனக்குப் பங்கோ வேலையோ இல்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் வண்டிக்கு, உங்கள் பாதைக்கு, கடையிலேயே வாங்குங்கள். இணையத்தில் விற்பவர் எல்லாம் ஏமாற்றுக்காரர் என்பதால் இப்படிச் சொல்லவில்லை. உங்கள் பழைய டயரை அவர் பார்க்கவே போவதில்லை என்பதால் சொல்கிறேன்.

நல்ல கடைக்காரர் வண்டி வந்து நின்றதும் விலைப்பட்டியலை எடுக்க மாட்டார். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து நிறுத்தச் சொல்லி, முன் டயர் முன்னால் குந்தி உட்காருவார். உள்ளங்கையை டயரின் மேல் வைத்து வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளிருந்து வெளியே ஒருமுறை தடவுவார். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பப் பல் போலக் கையைப் பிடித்தால், முன் சக்கரங்கள் இரண்டும் நேராகப் பார்க்கவில்லை, அலைன்மென்டில் ‘டோ’ அளவு தவறியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நிமிர்ந்து நின்றால், காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். உள் ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம், அதன் ரப்பர் புஷ் ஆகியவற்றைச் சந்தேகப்பட வேண்டும். ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. இந்தக் காரணங்களைச் சரி செய்யாமல் எந்த விலைக்கு எந்த டயர் வாங்கிப் போட்டாலும், புதியதும் அதே இடத்தில் அதே மாதிரி தேயும்.

உங்கள் வண்டியில் தேய்ந்திருப்பது வெளி ஓரம். அதில் ஒரு பங்கு மலைப்பாதையின் கணக்கு. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் பாரம் வெளிப்பக்க முன் சக்கரத்தின் மேல் சாய்கிறது. ஸ்டியரிங் முழுவதும் ஒடிந்த நிலையில் அந்த டயரின் தோள், அதாவது பட்டனின் வெளி ஓரம், தரையில் உரசிக்கொண்டே திரும்புகிறது. இறங்கும்போது பிரேக் பாரமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே மலையேறும் வண்டியில் முன் டயரின் வெளி ஓரம் சற்று முன்னதாகத் தேய்வது இயல்பு. ஆனால் நடுவில் நல்ல பட்டன் இருக்கும்போதே ஓரம் வழுவழுப்பானது என்றால், பழியை மலை மேல் மட்டும் போட்டுவிட முடியாது. காற்று குறைவாகவோ, டோ தவறியோ, இரண்டும் சேர்ந்தோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் வாங்க வேண்டாம்.

காற்றைப் பற்றி ஒன்று. மலை ஏறும் முன் ‘பிடிமானத்துக்காக’ காற்றைக் குறைத்துக்கொள்வோர் நம் ஊரில் நிறையப் பேர். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் வளைவுகளில் மடங்கி மடங்கி நிமிர்கிறது, சூடாகிறது, தோள்தான் தேய்கிறது. மேலே போனால் காற்று விரிந்துவிடும் என்ற பயமும் தேவையில்லை. உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். ஆனால் ஏற்காட்டில் சேலத்தைவிட ஏறத்தாழ 10 டிகிரி குளிர்ச்சி இருக்கும். அந்தக் குளிரே கிட்டத்தட்ட அதே அளவை இறக்கிவிடும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அளவை, காலையில் வண்டி ஓடும் முன் சேலத்தில் பிடியுங்கள். அது போதும்.

இனி விலை. 600 ரூபாய் வீதம் நான்குக்கு 2,400. பார்க்கப் பெரிய தொகைதான். ஆனால் டயர் தானாக ரிம்மில் ஏறிக்கொள்வதில்லை. வெளியிலிருந்து வாங்கி வந்த டயருக்குக் கழற்றி மாட்டும் கூலி, பேலன்சிங், அதற்கு ஒட்டும் எடைகள், புது டியூப்லெஸ் வால்வு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பணம் கேட்பார்கள். கடையிலேயே வாங்கினால் இவற்றில் சில விலைக்குள் அடங்கிவிடும். அதோடு பழைய டயரை எடுத்துக்கொண்டு ஒரு தொகையைக் கழிப்பது நம் பக்கக் கடைகளில் வழக்கம். இணையத்தில் வாங்கினால் பழைய நான்கும் உங்கள் வீட்டு மொட்டை மாடிக்குப் போகும். மழைநீர் தேங்கிய பழைய டயர் டெங்கு கொசுவுக்குப் பிடித்த இடம். அதை வீட்டில் சேர்க்கவே வேண்டாம். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் அந்த 2,400 பாதியாகிவிடுவது சாதாரணம்.

அதனால் இணைய விலையை வீணாக்காதீர்கள். அதைக் கடைக்குக் கொண்டுபோங்கள். அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் காட்டி ஒரே கேள்வி கேளுங்கள்: “நாலு டயர், மாட்டி, பேலன்ஸ் பண்ணி, வால்வு மாத்தி, அலைன்மென்ட் பார்த்து, பழசை எடுத்துக்கிட்டு, ஜிஎஸ்டி பில்லோட மொத்தம் எவ்வளவு?” இப்படி மொத்தத் தொகையாகக் கேட்டால்தான் ஐந்து ரோட்டுக் கடையையும் ஓமலூர் ரோட்டுக் கடையையும் இணையத்தையும் ஒரே தராசில் நிறுக்க முடியும். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் 18 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பில் இல்லாமல் என்றால் விலை குறையும் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். பில் இல்லாத டயருக்கு வாரண்டி கேட்டு எங்கும் போய் நிற்க முடியாது.

எங்கே வாங்கினாலும், ரிம்மில் ஏறும் முன் டயரின் பக்கச் சுவரை நீங்களே படிக்க வேண்டும். உங்கள் அளவு 185/65 ஆர்15 என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு நிற்காமல் அடுத்து வரும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். 88 என்றால் அந்த டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோதான். ஹெச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை, டி என்றால் 190 வரை. வண்டிக் கையேட்டில் உள்ளதைவிடக் குறைந்த பார எண் உள்ள டயரை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். குடும்பத்தோடு, மூட்டை முடிச்சோடு மலை ஏறும் வண்டிக்கு அது விளையாட்டுக் காரியம் இல்லை. ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும்; கார் டயருக்கான தர எண் ஐஎஸ் 15633.

பிறகு தயாரிப்புத் தேதி. பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பல டயர்களில் இந்த இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டிவிட்டால், வண்டியைத் தூக்கினால்தான் மறுபடி பார்க்க முடியும். ஆகவே மாட்டும் முன்பே நான்கையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் முன்பு செய்த டயர் புதியதுதான், அதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை. ஓராண்டைத் தாண்டியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டைத் தாண்டியது நம் ஊர் வெயிலில் தகரக் கொட்டகை கிடங்கில் கிடந்ததாகவும் இருக்கலாம். நான் வாங்க மாட்டேன். கடையில் என்றால் “இது வேண்டாம், வேறு எடுங்கள்” என்று அங்கேயே சொல்லிவிடலாம். இணையத்தில் வந்ததை வேண்டாம் என்றால் திரும்பக் கட்டி அனுப்ப வேண்டும். ரிம்மில் ஏற்றிவிட்டால் பெரும்பாலும் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள்.

மாட்டும் வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கடையில் வாங்கச் சொல்வதற்கு என்னுடைய இரண்டாவது காரணம் இந்த வேலைதான். பழைய டயர் கழன்றதும் ரிம்மின் உள்விளிம்பில் துருவும் பழைய ரப்பர் படலமும் ஒட்டியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் அதைத் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகுதான் புது டயரின் பீடு, அதாவது ரிம்மில் உட்காரும் கம்பி விளிம்பு, காற்று கசியாமல் பிடிக்கும். பீடில் சோப்புக் குழம்பு தடவ வேண்டும். எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது. டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது எடை குறைந்த இடம். வால்வு பக்கம் வரும்படி வைத்தால் பேலன்சிங்குக்குக் குறைந்த எடையே போதும். அம்புக்குறி இருந்தால் வண்டி முன்னே போகும் திசையில் சுழல வேண்டும்; ‘அவுட்சைடு’ என்று இருந்தால் அந்தப் பக்கம் வெளியே. காற்று ஏறி பீடு ‘டப்’ என்று உட்கார்ந்ததும், ரிம் ஓரமாக டயரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் சம தூரத்தில் தெரிகிறதா என்று சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே இறங்கியிருந்தால் டயர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. எந்த பேலன்சிங்காலும் அந்த ஆட்டத்தைச் சரி செய்ய முடியாது. காற்றை இறக்கி மறுபடி ஏற்றச் சொல்லுங்கள்.

கடைசியில் நட்டு. கையால் சில சுற்று ஏற்றி, பிறகு எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்கி, முடிவில் டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு நிறுத்துபவர் தொழில் தெரிந்தவர். காற்றுத் துப்பாக்கியால் ‘டர்ர்’ என்று ஒரே மூச்சில் இறுக்கி அனுப்புபவரிடம், டார்க் ரெஞ்ச் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சங்ககிரி, நாமக்கல் என்று சுற்றுவட்டாரம் முழுவதும் லாரித் தொழிலில் ஊறிய பகுதி இது. டயரைத் தொட்டே குறை சொல்லும் கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் லாரி டயரில் பழகிய வேகத்தை அலாய் ரிம்மில் காட்டினால் கீறலும் விரிசலும்தான் மிஞ்சும். கார் வேலையே பிரதானமாகச் செய்யும் கடையைத் தேடுங்கள்.

உள்ளூர்க் கடைகளில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. கையிருப்பில் உள்ளதைத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நைட்ரஜன் போட்டால் டயர் ஆயுள் கூடும் என்று பணம் வாங்குவார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் ஒருமுறை காற்று பார்ப்பவருக்கு அதனால் பெரிய பலன் கிடையாது. ‘கேம்பர் அவுட்’, அதாவது சக்கரம் நிற்கும் சாய்வு தவறியிருக்கிறது, என்று சொல்லி ஒரு தொகை சேர்ப்பது இன்னொன்று. பல சிறிய கார்களில் கேம்பரைத் திருகிச் சரி செய்ய நிறுவனம் வழியே வைத்திருக்காது. ஜாக்கி வைத்து, சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஷாக் அப்சார்பர் தூணான ஸ்ட்ரட்டை வளைத்துத்தான் ‘சரி’ செய்வார்கள். வண்டியில் அடி எதுவும் படாமலிருந்தால் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அலைன்மென்ட் மெஷினிலிருந்து முன்பும் பின்பும் எடுத்த அளவுத் தாளை அச்செடுத்துக் கேளுங்கள். உங்கள் வெளி ஓரத் தேய்மானத்துக்கான விடை அந்த ‘முன்பு’ தாளில் இருக்கும். அதைத் தர மறுக்கும் கடையை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

வாரண்டியிலும் கடைக்காரர் பக்கத்தில் இருப்பது உதவும். உற்பத்திக் குறையால் டயர் கெட்டால் நிறுவனத்தின் ஆள் வந்து பார்ப்பார். ஓடித் தேய்ந்த அளவைக் கழித்துக்கொண்டு மீதிக்கு ஈடு தருவார்கள். இணையத்தில் வாங்கியதற்கும் பில் இருந்தால் அந்த உரிமை உண்டு. ஆனால் டயரைக் கழற்றி, விண்ணப்பம் எழுதி, நிறுவனத்தோடு பேசி, முடிவு வரும்வரை உங்கள் வண்டியை ஓட வைக்கும் வேலை எல்லாம் யாரோ ஒருவர் செய்ய வேண்டும். தன்னிடம் வாங்காத டயருக்கு அதைச் செய்ய எந்தக் கடைக்காரருக்கும் மனம் வருவதில்லை. குழியிலோ கல்லிலோ மோதிப் பக்கச் சுவர் வீங்கினாலும் கிழிந்தாலும் சாதாரண வாரண்டியில் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வீக்கம் என்பது உள்ளே நூல்கள் அறுந்ததன் அடையாளம். அதைப் பஞ்சர் போட்டுச் சரி செய்ய முடியாது. மழைக்குப் பிறகு மலைப்பாதையில் கல்லும் மண்ணும் சரிந்து கிடக்கும் நாட்களில் நீங்களும் போகிறீர்கள். எனவே சேதத்துக்கும் ஈடு தரும் திட்டம் எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று கேட்டு, இரண்டு டயர்களுக்கு நடுவில் தடுமாறும்போது அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

இணையம் சரியாக வரும் இடங்களும் உண்டு. சேலத்தில் யாரும் கையிருப்பு வைக்காத அளவு, பழைய மாடல் வண்டி, குறிப்பிட்ட ஒரு டயர்தான் வேண்டும் என்ற தேவை. இவற்றுக்கு நானும் இணையத்தைத்தான் சொல்வேன். அப்போதும் டயர் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பணம் கட்டி, உள்ளூரில் அதன் அங்கீகாரம் பெற்ற கடையில் மாட்டிக்கொள்ளும் வழி இருந்தால் அதை எடுங்கள். பொதுச் சந்தைத் தளம் என்றால் விற்பவரின் பெயரும் முகவரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2020-ஆம் ஆண்டு மின் வணிக விதிகளின்படி அவற்றைக் காட்டியாக வேண்டும். புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்பதும் அந்த விதிகளில் உண்டு. நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணை அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்.

அடுத்து, நான்கா, இரண்டா? டயரின் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சிறு மேடு இருக்கும்; பட்டன் அதன் மட்டத்துக்குத் தேய்ந்தால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், மாற்றியே ஆக வேண்டும். உங்கள் பின் டயர்களில் அதைவிட நிறையவே இருக்கும். ஆனால் வயது ஐந்தைத் தாண்டிவிட்டது. ஐந்து ஆண்டுக்குப் பிறகு வருடம் ஒருமுறை தொழில் தெரிந்தவர் பார்க்க வேண்டும், பத்து ஆண்டுக்கு மேல் எந்த டயரும் ஓடக் கூடாது என்பது நிறுவனங்களே சொல்லும் வரம்பு. வெயிலில் நிறுத்தும் வண்டியில் பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் அதற்கு முன்பே வந்துவிடும். உங்கள் பாதைக்கு நான்கையும் மாற்றுவதுதான் சரி என்பது என் கருத்து.

கையில் பணம் இப்போது இரண்டுக்குத்தான் என்றால், புதிய இரண்டையும் பின்னால் போடுங்கள். பின்னால் இருப்பவற்றை, வெடிப்பு இல்லாத பட்சத்தில், முன்னால் கொண்டு வாருங்கள். கடையில் பலரும் “முன் சக்கரம்தான் இழுக்குது, புதுசை முன்னாடி போடுங்க” என்பார்கள். கேட்காதீர்கள். ஈரச் சாலையில் மலை இறங்கும்போது வண்டியின் பாரம் முன்னால் குவிகிறது, பின்பக்கம் லேசாகிறது. அந்த நேரத்தில் பின் டயரில் பட்டன் இல்லை என்றால், வளைவில் வால் பக்கம் வெளியே சுழன்றுவிடும். அதைத் திருப்பிப் பிடிப்பது நன்றாகப் பழகியவருக்கே கடினம். முன் டயர் வழுக்கினால் வண்டி வளைவுக்கு வெளியே நேராகப் போகப் பார்க்கும்; ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். முன் சக்கரம் இழுக்கும் காருக்கும் இதே விதிதான். புது டயரின் மேல், தொழிற்சாலையில் வார்ப்பு அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவிய பூச்சின் வழுவழுப்பு கொஞ்சம் இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை மழையில் மலை இறங்குவதை முடிந்தால் தவிருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டெப்னியைச் சேர்த்து மூன்று வாங்கும் யோசனை வேண்டாம். தரையில் இறங்காவிட்டாலும் அதற்கும் 2019-இன் வயதுதான். டிக்கியின் சூட்டில் ரப்பர் இறுகிக்கொண்டேதான் இருந்திருக்கும். ஒரே அச்சில் ஒரு பக்கம் புதியது, மறுபக்கம் இறுகிய பழையது என்று ஓடினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சில மாடல்களில் ஸ்டெப்னி மற்ற நான்கைவிடச் சிறிய அளவு. அதன் மேல் 80 கிலோமீட்டர் வேக வரம்பு ஒட்டியிருக்கும். உங்களுடையது அப்படியா என்று இன்றே டிக்கியைத் திறந்து பாருங்கள். வெடிப்பில்லாமல் இருந்தால் அது ஸ்டெப்னியாகவே இருக்கட்டும், நாலு டயர் மாற்றும் நாளில் அதற்கும் காற்று பிடிக்கச் சொல்லுங்கள். வெடிப்பு இருந்தால், கழற்றும் பின் டயர் இரண்டில் எது நன்றாக இருக்கிறது என்று கடைக்காரரையே பார்க்கச் சொல்லி, வெடிப்பில்லாததை அந்த இடத்தில் வையுங்கள். இரண்டுமே தேறாது என்றால் கேட்க வேண்டிய மொத்த விலை நான்குக்கு அல்ல, ஐந்துக்கு.